பாட்டுக் கேட்டவனுக்கு நான் அனுப்பிய படங்கள்

நான் ஆபாசப் படம் விற்றேன். ஒஸ்லோவில் இருந்துகொண்டு, தமிழில் ஒரு இணையத்தளம் நடத்திக்கொண்டு, எங்கள் சனத்தின் கைத்தொலைபேசிகளுக்கே விற்றேன். விற்றதோடு நிற்கவில்லை. ஒருவனுடைய வாழ்க்கையை இரண்டு சொல்லில் முடித்தேன்.

என் தளத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரண அறிவித்தல், கோயில் திருவிழா, கலியாண வாழ்த்து, சினிமாப் பாட்டு... எல்லாரும் வந்தார்கள், ஒருவரும் காசு தரவில்லை. கடைக்காரர்கள் விளம்பரம் போடச் சொல்லிவிட்டு, காசு கேட்டால் ஒரு மூட்டை அரிசியைக் காட்டினார்கள். நான் பகலில் பேருந்து கழுவினேன். எனக்கு எரிச்சல் வந்தது. இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கைத்தொலைபேசிக்கு வண்ணத்திரை வரத் தொடங்கிய காலம் அது. ஒரு கம்பனி எழுதியது. படங்கள் அவர்களுடையவை. எனக்கு ஒரு குறிச்சொல் தருவார்கள், நான் அதைக் கம்பனியின் விளம்பரமாக என் தளத்தில் போட வேண்டும். ஆள் அதைக் குறுஞ்செய்தியாக ஒரு குறுகிய எண்ணுக்கு அனுப்பினால் படம் போகும், தொலைபேசி பில்லில் காசு ஏறும், அதில் எனக்கொரு பங்கு வரும். நான் ஒரு படத்தையும் தொடத் தேவையில்லை. எவ்வளவு சுத்தமான தொழில்!

வாங்கியவர்களின் எண்கள் என் கணினியில் தெரிந்தன. பாதி எண்கள் எனக்குத் தெரிந்தவை. தாய் செத்ததற்கு அறிவித்தல் போடச் சொல்லி அழைத்த அதே எண்கள்... சிரித்தேன். உங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு ஆசை கூடியது. பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே குறிச்சொல்லை வைத்தேன். அழைப்பொலிக்கென்று ஒருவன் சினிமாப் பாட்டுக் கேட்டால் பாட்டுப் போகும். அதன் பிறகு கிழமைதோறும், கேட்காமலே படம் போகும். பக்கத்தின் அடியில் இதைச் சின்ன எழுத்தில் நோர்வேஜிய மொழியில் போட்டேன். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதை வாசிப்பார்கள்? வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போட்டேன்!

சீலன் பாட்டுக் கேட்டான்.

அவன் மட்டக்களப்பிலிருந்து வந்து, அகதி வழக்குக்கு முடிவு வராமல், ஹொல்ம்லியாவில் அக்கா வசந்தியின் வீட்டில் இருந்தவன். வதிவிட அனுமதி கிடைத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஆள் எண் அவனுக்குக் கிடையாது. அது இல்லாதவன் தன் பெயரில் தொலைபேசி இணைப்பு எடுக்க முடியாது. அதனால் அத்தான் குணமண்ணை தன் பெயரில் எடுத்து, தன் பழைய தொலைபேசியையும் கொடுத்திருந்தார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஒருவருக்கொருவர் செய்தோம். பில் குணமண்ணைக்குத்தான் போகும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்த கையோடு ஹவுகெட்டோவில் என் அறைக்கு வந்தார் குணமண்ணை. பின்னால் சீலன். குணமண்ணை சப்பாத்தைக் கழற்றவில்லை. பில்லை என் நெஞ்சில் அடித்தார்.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள். இதை வாசியும்! என்ரை சின்னவள் சாப்பாட்டு மேசையிலை இருந்து வாசிக்கிறாள். 'அப்பா, வொக்சன் எண்டால் பெரியாக்கள். பெரியாக்களின்ரை படமெண்டு கிடக்கு. அப்பப்பாவின்ரை படமோ?' எண்டு கேக்கிறாள்! நான் என்னத்தைச் சொல்ல?"

எங்கள் வீடுகளில் நோர்வேஜியக் கடிதங்களைப் பிள்ளைகள்தான் வாசித்துச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். படம் விற்றபோது அதை நினைத்தேனா? இல்லை.

"அண்ணை, நான் பாட்டுத்தான் கேட்டனான்," என்றான் சீலன். "ஒரேயொரு பாட்டு. பிறகு அது தன்ரபாட்டுக்கு டிக் டிக்கெண்டு வந்துகொண்டே இருந்தது. நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

"பொத்தடா வாயை! பொம்பிளைப்பிள்ளையள் இருக்கிற வீடு!" குணமண்ணை என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். உது கேளாமல் வருமோ?"

பில்லில் இருந்தது என் குறிச்சொல்; அது என்னுடையதென்று அவர்களுக்குத் தெரியாது. சீலனின் கையில் இருந்தது சாம்பல் நிறத் திரையுள்ள பழைய தொலைபேசி. அதில் எந்தப் படமும் திறக்காது! அவன் ஒரு படத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரியும்.

"கேளாமல் வராது," என்றேன்.

சீலன் என்னையே பார்த்தான். அவனுக்கு அப்போதே விளங்கியிருக்குமோ... தெரியாது.

அன்று மாலையே அவனுடைய பையை வாசலில் வைத்தார்கள். லில்லெஸ்ட்ரோமில் யாரோ பெடியன்களோடு போய்த் தரையில் படுத்தான். அகதி விசாரணைக்கு அழைத்த கடிதம் குணமண்ணை வீட்டுக்குத்தான் வந்தது. கோபத்தில் அவர் அதைக் கொடுக்கவில்லை. விசாரணைக்கு அவன் போகவில்லை. வழக்கை நிராகரித்தார்கள். பொலிஸ் தேடி வருமுன் அவன் எல்லை தாண்டிப் போய்விட்டான். எந்த எல்லை? உயிரோடு இருக்கிறானா? ஒருவருக்கும் தெரியாது.

நான் உடனே அந்த வியாபாரத்தை நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அந்தக் கம்பனி இழுத்து மூடும்வரை நடத்தினேன். அந்தக் காசில் கார் வாங்கினேன். போதுமா?

போன கார்த்திகையில் வசந்தியக்கா என்னைத் தேடி வந்தார். மெலிந்து போயிருந்தார். சீலனின் படம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, உம்மடை இன்ரநெற்றிலை இதைப் போட்டுவிடும். எந்த நாட்டிலை இருந்தாலும் பாப்பானெல்லோ?"

"என்னெண்டு எழுத அக்கா?"

"போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு, 'அக்கா, நீயாவது நம்பு' எண்டவன். நான் கையை உதறிப்போட்டன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வயசுப் பெடியன், ஏதோ புத்தி கெட்டுச் செய்துபோட்டான். அதுக்காக விடேலுமே? அவன் செய்ததை அக்கா மன்னிச்சிட்டாளாம், வரட்டாம் எண்டு எழுதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா என் கதிரையில் இருந்தார், அறையில் வேறு ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

பிறகு தட்டச்சுச் செய்தேன். 'சீலன், நீ செய்ததை அக்கா மன்னித்துவிட்டாள். வீட்டுக்கு வா.' எழுத்துப் பிழை இல்லாமல், படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில்!

அவன் செய்யாததற்கு மன்னிப்பு! செய்தவன் கையால்! எங்கோ ஒரு நாட்டில், எவனுடைய கணினியிலாவது அவன் அதைப் பார்த்திருந்தால்... பார்த்துவிட்டு வருவானா? நீங்களென்றால் வருவீர்களா?

அந்த வரி இன்னும் என் தளத்தில் இருக்கிறது. எடுத்துவிட நினைப்பேன். எடுத்தால், ஏன் எடுத்தனீர் என்று அக்கா கேட்பார்.