தலையில் வைத்த வெங்காயப் பூ

ஆன்லைனில் பூச்செடி தேடும்போது அந்தப் படம் கண்ணில் பட்டது. புல் மாதிரி இலை, நீளக் காம்பு, உச்சியில் வெள்ளை நட்சத்திரங்களாகக் கொத்துப் பூ. தூத்துக்குடியில் எங்கள் மாடி வீட்டு போர் தண்ணீரின் உப்புக்கு மூன்று ரோஜாச் செடிகள் கருகியிருந்தன. இதையும் பார்த்துவிடுவோம் என்று வாங்கினேன்.

செம்மண்ணில் மக்கிய சாணம் கலந்து, சமையலறையை ஒட்டிய பால்கனியில் வைத்தேன். இலை நுனி பழுக்க ஆரம்பித்ததும் போர் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன். செடி தெளிந்துவிட்டது. சில மாதத்தில் பூவும் வந்தது. முகர்ந்தால் லேசான தேன் வாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு மாதா கோவில் பூசைக்குப் போனேன். பிரசங்கம் நடக்கும்போது பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

“ஏளா, யாரோ பூண்டு உரிச்ச கையைக் கழுவாம வந்திருக்காவ.”

நான் பதறி என் கையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் என் கணவர் என் தலைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தார்.

“கை இல்ல, உன் தலைதான்” என்று சொல்லிவிட்டு வீடு வரைக்கும் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கீழ்வீட்டுத் தம்பி கப்பலில் சமையல்காரர். அப்போது லீவில் வந்திருந்தார். வாசலில் நின்றவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, மாடிக்கு வந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினார்.

“அக்கா, இது சைனா வெங்காயத் தழைல்லா? கப்பல்ல முட்டையில போட்டுப் பொரிப்போம். இதப் போயி தலையில வச்சியளே.”

“திங்கலாமா?”

“இலை, பூ எல்லாம் திங்கலாம். ஆனா மழை லில்லியும் பாக்க இப்படித்தான் இருக்கும், அது ஆகாது. கசக்குனா பூண்டு வாசம் வரணும்.”

இத்தனை நாள் பால்கனியில் அடித்த வாசத்தைச் சமையலறையிலிருந்து வருவதாகவே நினைத்திருந்தேன். கத்தரியை எடுத்து வந்தேன். மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டச் சொன்னார். அப்போதுதான் மறுபடி தளிர்க்குமாம். பூவை விதையாக விட்டால் எல்லாத் தொட்டியிலும் முளைத்துவிடும் என்றும் எச்சரித்தார்.

அன்று மத்தியானம் எங்கள் அடுப்பிலேயே இறாலும் முட்டையும் போட்டு, கடைசியில் தழையைத் தூவி ஒரு புரட்டுப் புரட்டி இறக்கினார். கீழிருந்து அவர் மனைவியும் வந்துவிட்டாள். நால்வரும் சோற்றோடு சட்டியைக் காலி செய்தோம்.

ஒரு வருஷத்தில் தொட்டி நெருக்கமாகிவிட்டது. கிழங்குகளைப் பிரித்து, நாலைந்தாகச் சேர்த்து நட்டதில் ஏழு தொட்டிகள் ஆயின. தம்பி அடுத்த லீவும் முடிந்து கப்பல் ஏறும் நாளில் ஒன்றைக் கீழ்வீட்டு வாசலில் வைத்தேன். அவர் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து குறும்பாகச் சிரித்தாள்.

“பூத்தா ஒரு கொத்து எனக்கும் கட்டித் தாங்கக்கா. எங்க நாத்தனா வீட்டு விசேஷத்துக்கு வச்சிட்டுப் போறேன்” என்றாள்.