தாய்மாமன் வண்டி இழுக்கவில்லை

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குத் திருக்கோகர்ணத்திலிருந்து கிளம்பினோம். மீமிசலுக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டாரின் குலதெய்வக் கோயில் இருக்கிறது. அங்கே அவளுடைய பதினோரு மாத மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தியாக வேண்டும். தாய்மாமன் நான்தான். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். நின்று டீ குடித்துப் போனாலும் இரண்டு மணி நேரம் போதும் என்று நினைத்தேன்.

என்னுடையது பன்னிரண்டு வருடப் பழைய டீசல் கார், டர்போ வைத்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்ன விசிறிதான் டர்போ. அது வேலை செய்தால் வண்டி பறக்கும். செய்யாவிட்டால் சைக்கிள்காரர்கள் நம்மை முந்திப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். காரில் நான், என் மனைவி, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பா மகன் செந்தில். பின்னால் சீர்த்தட்டுகள். தங்கக் கம்மல் மனைவியின் கைப்பையில். மற்ற சொந்தக்காரர்கள் வேனில் முன்பே போய்விட்டார்கள்.

செந்தில் எனக்குத் தெரியாமல் ஒரு பிளக்ஸ் பேனர் அடித்து வந்திருந்தான். 'தாய்மாமன் வருகிறார்' என்ற எழுத்துக்குக் கீழே என் முகம், ஒரு தாம்பாளத்தைவிடப் பெரிதாக. நான் வாழ்நாளில் போடாத கறுப்புக் கண்ணாடி வேறு மாட்டிவிட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கார் முகப்பில் வெளியே கட்டினால் காற்றில் அடிக்கும் என்று பானெட்டைத் திறந்து, நைலான் கயிற்றை உள்ளே விட்டு அவனே இறுக்கிக் கட்டினான். நான் அந்தப் பக்கமே பார்க்காமல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டை ஊருக்குள் மெதுவாகப் போனதால் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. அறந்தாங்கி ரோட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முனகுகிறதே தவிர இழுக்கவில்லை. நாற்பதுக்கு மேல் முள் நகரவே இல்லை. புல்லுக்கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

"வீட்டுக்குத் திரும்பி வேற வண்டி பாப்போமா?" என்றேன்.

"சீர் வாசல் தாண்டியாச்சுண்ணே. திரும்பக் கூடாது," என்றான் செந்தில்.

வழியில் ஒரு ஷெட். பல் விளக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "டீசல் எங்க போட்டீங்க?" எந்த பங்க் பெயரைச் சொன்னாலும் தலையில் அடித்துக்கொள்வார் என்று தோன்றியது. செந்தில் பேனரை அவிழ்த்துச் சுருட்டினான். மெக்கானிக் டீசல் பில்டரில் தேங்கியிருந்த தண்ணீரை இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வண்டி குதிரை மாதிரி போனது. முந்நூறு ரூபாய். செந்தில் மறுபடி பேனரைக் கட்டினான். புறப்பட்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பழைய முனகல்.

எட்டரைக்கு மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், போன் செய்தார். "மச்சான், எங்க இருக்கீங்க?"

"அழியாநிலை தாண்டிட்டேன் மாப்ள. வண்டி கொஞ்சம் மக்கர்."

"வேனை அனுப்பவா?"

செந்தில் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "தாய்மாமன் வேன்ல வந்து இறங்குறதா அத்தான்? நல்லாவா இருக்கும்? வந்துருவோம்." கட் செய்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே இறக்கிவிட்டிருக்கலாம். கியரை மட்டும் மாற்றினேன்.

அறந்தாங்கியில் கொஞ்சம் பெரிய ஒர்க் ஷாப். பேனரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மாட்டினார்கள். பழைய கோளாறு ஒன்று பதிவாகியிருக்கிறது, இப்போது எதுவும் காட்டவில்லை என்றார்கள். ஏர் பில்டரைத் தட்டினார்கள். அதில் வந்த தூசியை ஏதோ நான் பாவம் செய்து சேர்த்ததைப் போல என்னிடமே காட்டினார்கள். "டர்போவே போயிருக்கலாம் சார், இறக்கித்தான் பாக்கணும், ரெண்டு நாள் ஆகும்" என்றார் ஒருவர். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சார் பிராப்ளம்? சூப்பரா இழுக்குதே" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை போலிருக்கிறது. நானூறு ரூபாய் கொடுத்துவிட்டு, பேனரைக் கட்டி, கிளம்பினோம்.

ஆவுடையார்கோயில் போய்ச் சேர்வதற்கு முன்பே மறுபடி முப்பத்தைந்து. மணி ஒன்பதரை. மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "மச்சான், கோச்சுக்காதீங்க. எங்கம்மா ஒங்க பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திரலாம்ங்கறாங்க. அவரும் மாமன் முறைதானேன்னு கேக்கறாங்க."

நான் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருவர் மடியில் பிள்ளை உட்கார்ந்தால், தங்கை அந்த வீட்டில் எத்தனை வருடம் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பஸ்ல போயிருவோம்," என்றாள் மனைவி.

"தட்டெல்லாம்?" என்றான் செந்தில்.

"தட்டு கெடக்கு. நீ சும்மா இரு தம்பி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவுங்க ஓட்டுறப்ப ஓடுது. நாம ஓட்டுனா ஓடமாட்டேங்குது. அதே வண்டிதானே? அப்ப இல்லாதது இப்ப என்ன இருக்கு?"

நான் இறங்கி முன்பக்கம் போனேன். காலையிலிருந்து பேனரிலிருந்த என் முகத்துக்கு எதிரே நான் நிற்பது அதுதான் முதல் தடவை. பானெட்டைத் தூக்கினேன். செந்திலின் கயிறு ஒரு இரும்புக் கம்பியைச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அந்தக் கம்பியோடு ஒட்டி ஓடிய பென்சில் தடிமன் ரப்பர் குழாயும் முடிச்சுக்குள் சிக்கி, சப்பையாக நசுங்கிக் கிடந்தது. டர்போவை வேலை செய்யவைக்கும் குழாய் அது. முடிச்சை அவிழ்த்தேன். குழாய் மெல்ல உருண்டு பழைய வடிவத்துக்கு வந்தது.

இரண்டு ஷெட்டிலும் மெக்கானிக்குகள் கோளாறைத் தேடுவதற்கு முன்னால் கோளாறை அவிழ்த்துப் பின்சீட்டில் வைத்திருக்கிறோம்.

செந்தில் எட்டிப் பார்த்தான். "துபாய்ல இப்படிக் கட்ட விடமாட்டாய்ங்க," என்றான். "அங்கிட்டு பம்பர்ல கட்டிரவாண்ணே?"

"ஏறு வண்டில," என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ஏறிவிட்டான்.

ஆவுடையார்கோயிலைத் தாண்டியதும் எண்பதில் போனேன். மீமிசலை நெருங்க நெருங்கக் கருவாட்டு வாசனையும் உப்புக்காற்றும் வந்தன. கடலைப் பார்க்கத்தான் நேரமில்லை. கோயில் வாசலில் இறங்கும்போது பத்து அடிக்கச் சில நிமிடங்கள். பெரியப்பா மகன் புது வேட்டியோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். மடி காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா வா, எடத்தைச் சூடு பண்ணி வச்சுருக்கேன்," என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை.

"பிள்ளை தூங்குதாம். ஒங்க தங்கச்சி வேன்ல வச்சுருக்கு. யார் போய்க் கேட்டாலும், எழுப்புனா அழும்னு கதவைத் தொறக்க மாட்டேங்குது," என்று முணுமுணுத்தார் தங்கையின் மாமியார்.

நான் வந்த சத்தம் கேட்டு வேன் கதவு திறந்தது. தங்கை பிள்ளையோடு இறங்கினாள். பட்டுச்சேலை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து, என் மூக்கைப் பிடித்து இழுத்தது. தூங்கி எழுந்த பிள்ளையின் முகம் அப்படி இருக்காது. ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். பிள்ளை அழுதது. மனைவி எடுத்துக் கொடுத்த கம்மலை ஆசாரியிடம் என் கையால் கொடுத்தேன்.

சாப்பிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினோம். தங்கை கார் ஜன்னலுக்கு வந்தாள்.

"வேன்ல ஏசி கெடையாதே. எவ்ளோ நேரம் உள்ள இருந்த?" என்றேன்.

"அவரு முதல் போன் போட்டதுலருந்து," என்றாள். "சன்னலையும் சாத்திட்டேன். பிள்ளை சத்தம் வெளிய கேட்ருமே. வேன் சாவியைக் குடுத்து வெளையாட விட்டேன்."

"நான் வரலைன்னா?"

"பத்தரை ஆனா ராகுகாலம் வந்துருமேண்ணே. அப்புறம் யாரு குத்துவா? வேற நாள்தான் பாக்கணும்."

"வாரேன்" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தேன். திருக்கோகர்ணம் வரை வண்டி எங்கேயும் திணறவில்லை. வழியில் மனைவி கேட்டாள், ஏன் இப்படி ஐம்பதிலேயே போகிறீர்கள் என்று. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சாத்திய அந்த வேன் சன்னல்தான் கண்ணில் நின்றது.