சதுரங்கப்பட்டினம் ரோட்டில் ஒரு கருகல் வாடை

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தனியாளாய்ப் பட்டறை போட்டேன், வீடு கட்டினேன். இந்த லாரி இழுக்கும் டிரெய்லரும் என் கையால் வெல்டிங் வைத்ததுதான். அதன் முதல் சுமையாக ஒரு ஃபைபர் படகைச் செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுபோகிறோம். புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் கருகல் வாடை மூக்கில் ஏறுகிறது.

டிரைவர் ஓரங்கட்டுகிறான். "கிளட்ச் பூட்ச்சு நைனா. டிரெய்லர இங்கயே கழட்டி வுட்லாம்."

என் டிரெய்லரையா? கிளட்ச் வாடை எனக்குத் தெரியாதா?

கருவாடு விற்கிற அம்மா எழுந்து வருகிறாள். "இன்னா அண்ணாத்த, மயிரு பொசுங்குற நாத்தம் அடிக்குது?"

"கருவாட்டுக் கூடையாண்ட குந்திகினு இது எப்டிம்மா தெரியுது?" என்கிறேன்.

"என் கருவாடு மணக்கும்யா. நாறுறது உன் வண்டி!"

சக்கரம் சக்கரமாய் மோந்துகொண்டே போகிறேன். டிரெய்லரின் இடது சக்கரத்தில் பிடிபடுகிறது. திருஷ்டிக்கென்று காலையில் டிரைவர் கட்டிய முடிக் குஞ்சம் அவிழ்ந்து, பிரேக் டிரம்மில் சுற்றிப் புகைகிறது. குறட்டால் பிடுங்கி எறிகிறேன். வாடை போயே போச்சு.

படகுக்காரர் டிரைவரின் போனில் கூப்பிட்டு, ஏன் தாமதம் என்று கேட்கிறார். "சக்கரத்துல முடி சுத்திப் பொகஞ்சுது, நான்தான் கண்டுபுட்ச்சேன்" என்கிறான் டிரைவர். போனைப் பிடுங்குகிறேன்.

"முடின்னு சொன்னது கருவாட்டம்மா. சக்கரத்தக் கண்டுபுட்ச்சது என் மூக்கு. படகுல உன் பேரு எழுதுவல்ல? கீழ என் பேரையும் எழுது!"