மல்சுன் தோல் உரிந்த வாரம்

பூசான் நகரத்து வெந்நீர்க் குளியல் கூடம் ஒன்றில், இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களின் முதுகைத் தேய்த்துப் பிழைப்பவள் யாங் மல்சுன். பச்சை நிறச் சொரசொரப்பு உறையைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் ஒரு இழுப்பு இழுத்தால், ஊறிய உடம்பிலிருந்து அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். செத்த தோலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. உலகத்தில் அவளுக்குக் குழப்பமில்லாமல் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். மகள் யூரிம் அதிலும் மண்ணைப் போட்டாள்.

யூரிமுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. வருகிற சனிக்கிழமை இரண்டு குடும்பமும் முதல் முறையாக ஓர் உணவகத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மாவைத் தோல் மருத்துவமனைக்கு அனுப்பினாள். கன்னத்து மங்குக்கு ஆசிட் கலந்த மருந்து தடவி மேல்தோலை உரிப்பார்களாம். என் மூஞ்சியைச் சம்பந்தி வீட்டுக்குக் காட்ட இவளுக்கு வெட்கமோ? இந்தச் சந்தேகம் மல்சுன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? மருத்துவமனைப் பெண் "என்ன வேலை பாக்குறீங்க?" என்றதும், மகளின் மானம் போகக் கூடாதென்று "வீட்லதான் இருக்கேன்" என்று ஒரு பொய்யைப் போட்டுவைத்தாள்.

"நல்லதாப் போச்சும்மா," என்றாள் அந்தப் பெண். "இன்னைக்குச் செவந்து எரியும். மூணாம் நாள் தோல் இறுகிப் பழுப்பாகும். அப்புறம் தானா உரியும். பிய்க்காதீங்க, தேய்க்காதீங்க. வெளியில போனா வெயில் கிரீம் பூசிக்கங்க. ஒரு வாரத்துக்குச் சௌனா பக்கம் போகாதீங்க."

மல்சுன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சௌனாவுக்கா? அவள் எங்கே போகிறாள்? காசு கொடுத்து ஆவியில் உட்காருகிறவர்கள்தானே சௌனாவுக்குப் போகிறவர்கள். அவள் வேலைக்கல்லவா போகிறாள்! மறுநாள் விடியற்காலை வழக்கம்போலக் கிளம்பிப்போய் ஆவிக்குள் நுழைந்தாள்.

பழுப்பாகும் என்றார்கள், ஆயிற்று. ஆனால் எரிச்சல் அடங்குவதற்குப் பதில் கூடியது. ஐந்தாம் நாள் வாயைச் சுற்றி உரிந்தது, கன்னமோ கன்றிக் கறுத்தது. சரியாகிக்கொண்டு வருகிறதா, கெட்டுக்கொண்டு போகிறதா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தேய்க்கும் படுக்கையில் குப்புறக் கிடந்த வாடிக்கைக்காரி சுபின் அம்மா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, என்னது இது, சுட்ட சர்க்கரைவள்ளிக் கெழங்கு மாதிரி! வெள்ளரிக்காய வெட்டி ஒட்டுங்க."

"வெள்ளரிக்காயா? தொடவே தொடாத," என்று தொட்டியிலிருந்து கத்தினாள் மீன்கடைக்காரி. "எங்க மச்சினிக்கும் இப்படித்தான் கறுத்துச்சு. அப்புறம் பாரு, உரிச்ச முட்டை!"

"முட்டை ஆகுறதுக்குள்ள சனிக்கெழமை வந்துடுமே!" என்றாள் மல்சுன்.

"ஊரு தோலையெல்லாம் உரிச்சியே, செஞ்ச பாவம் சும்மா விடுமா?" என்றாள் மீன்கடைக்காரி.

குளியல் கூடமே சிரித்தது. மல்சுன்னும் சிரித்தாள். ஆனால் கண்ணாடியில் மோவாயோரம் தொங்கிய தோலைப் பார்த்ததும் விரல் தானாக எழும்பியது. பிய்த்தால் ஆபத்து, விட்டால் அசிங்கம். கையைக் கீழே இறக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் யூரிம் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே அலறினாள்.

"அம்மா! என்ன பண்ணித் தொலைச்ச?"

"சொன்ன மாதிரிதாண்டி இருந்தேன். பிய்க்கல, தேய்க்கல, சௌனாவுக்கும் போகல."

"வேலைக்கு?"

"வேலைக்குப் போகாம எப்படி?"

யூரிம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அம்மா, நீ வேலை பாக்குற எடந்தான் சௌனா! என்ன வேலைன்னு அங்க சொல்லலையா?"

"வீட்ல இருக்கேன்னுட்டேன். உனக்குத் தலைகுனிவு வேண்டாம்னு."

"எனக்கா? மாப்பிள்ளை வீட்ல மொத நாளே சொல்லிட்டேன், எங்கம்மா முதுகு தேய்ச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாங்கன்னு."

மல்சுன்னுக்கு இருந்த குழப்பம் இரட்டிப்பாயிற்று. "அப்போ என் மூஞ்சில என்னடி கொறை? எதுக்கு இந்த ஆசிட்டு?"

யூரிம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கொறை ஒண்ணுமில்லம்மா. ஊரையே படுக்கவச்சுத் தேய்க்கிற. உன்னை ஒருத்தர் படுக்கவச்சு எதாவது செஞ்சதுண்டா? ஒருநாளாவது யாராவது உன் மூஞ்சியப் பதமாத் தொடட்டுமேன்னு நெனச்சேன்."

"அதுக்கு ஆசிட்டையாடி ஊத்துவாங்க?" என்று திட்டினாள் மல்சுன். திட்டும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக மகளைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தது வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணீர் வழிந்த இடமெல்லாம் தீயாக எரிந்தது. "சனிக்கெழமை எப்படிடி வருவேன்?"

"இந்த மூஞ்சியோடத்தான் வருவ. நாளைக்கு லீவு போடு, டாக்டர்கிட்ட போறோம்."

கன்னத்தைத் துடைக்க மல்சுன் கையைத் தூக்கினாள். யூரிம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு மெல்லிய துணியை நனைத்துவந்து, வலிக்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். மல்சுன் அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.