நாற்பத்தொரு முறை போன கடிதம்

எங்கள் தீவில், கேம்பல் பே கடைத்தெருவில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து நெட் கடை நடத்துகிறேன். என் பெயர் உதயா. 2010-இல் நான்கு நாட்கள் என் கடையின் ஒரு நாற்காலி நாகலிங்கம் அங்கிளுக்கே சொந்தமாக இருந்தது.

அங்கிள் வயர்லெஸ் ஆபரேட்டர். சுனாமிக்குப் பிறகு பேட்டரியில் செட்டை ஓட்டி, பிழைத்தவர்கள் பெயரை எல்லாம் மெயின்லேண்டுக்குச் சொன்னவர். மறுமுனை 'கிடைத்தது' என்று சொல்லும்வரை ஒரு பெயரையும் விடமாட்டார். தன் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டார், வரிசை முடியவே இல்லை என்று ஊரே இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும். திண்டுக்கல்லுக்குப் போயிருந்த அவர் மனைவி ஜெயலட்சுமிக்கு அந்தப் பெருமை போய்ச் சேரவில்லை. இறந்துவிட்டார் என்று பதினாறாம் நாள் கருமாதி செய்து தாலியைக் கழற்றிவிட்டார்கள். இவர் போன் செய்தது பத்தொன்பதாம் நாள். அதன்பின் அந்த அம்மாள் தீவுப் பக்கமே வரவில்லை. இவர் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுவார்.

ஆறு வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்ட மனுஷன், ரிட்டயர் ஆகும் சமயத்தில் ஒரு கடிதம் எழுதினார். 'நான் செய்தது தப்பு. வந்துவிடு.' அம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொல்லி மகள் வைஜெயந்திக்கு மெயில் போட்டோம். சாயங்காலமே ஒரு பதில் வந்தது. அது வைஜெயந்தியிடமிருந்து வரவில்லை.

"வார்னிங்னு போட்டிருக்கேம்மா. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் அங்கிள்.

வாசித்துச் சொன்னேன். கடிதம் நான்கு மணி நேரமாகியும் சேரவில்லை. ஐந்து நாள் முயல்வோம். நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டாம்.

"உங்க பொண்ணோட மெயில் பெட்டி நிறைஞ்சிருக்கு அங்கிள். மெஷினே திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும். டென்ஷன் மத் லோ, கவலப்படாம சும்மா இருங்க."

"சேரலன்னு அவனே சொல்றான். அனுப்பாதேன்னும் அவனே சொல்றான். எந்த ஆபரேட்டரும்மா அப்படிச் சொல்லுவான்?"

மறுபடி அனுப்பினார். அதற்கும் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை அனுப்பிய மெஷினுக்கே 'ஐயா, தகவலுக்கு நன்றி' என்று பதில் போட்டார். அதுவும் திரும்பி வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். ஒரு முறை அனுப்புவார், வெளியே போய்க் கடலைப் பார்ப்பார், வந்து மறுபடி அனுப்புவார். நான்காம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேணாம்னு தெளிவா எழுதியிருக்கான், அரே, எத்தனை தடவை சொல்றது!"

"சுனாமியப்ப உங்க அப்பா உசுரோட இருக்கார்ங்கற சேதி பதினோராவது தடவைதாம்மா போச்சு," என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஐந்தாம் நாள் காலையில் வைஜெயந்தியின் பதில் வந்தது. கண்ணாடி இல்லை என்று சொல்லி என்னையே வாசிக்கச் சொன்னார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

'அப்பா, நேத்துதான் பெட்டியைக் காலி பண்ணேன். ஒரே லெட்டர் நாப்பத்தொரு தடவை வந்து விழுந்துச்சு. அம்மாகிட்ட வாசிச்சேன். அப்புறம், இப்ப நாப்பத்தொண்ணு அனுப்பத் தெரிஞ்ச மனுஷன் அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு அனுப்பியிருக்கலாமேன்னாங்க. வரலையாம்ப்பா.'

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது.

"உங்களுக்கு அன்னைக்கு ஏது நேரம்? ஆன்ட்டிக்கு அது புரியலையே அங்கிள்," என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரம் இருந்துச்சும்மா," என்றார். "நான் சொல்லாட்டியும் அவளுக்குத் தெரிஞ்சிரும்னு இருந்துட்டேன்."