உடையவர் கையெழுத்து

பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரியின் வாசலில் தொங்கிய பலகை என் கையெழுத்து. அப்போது இரண்டாம் உலக யுத்த காலம். ஆவடிப் பக்கம் ராணுவ லாரிகள் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். நல்ல பெயிண்ட் எங்கும் கிடைக்காது. எப்படியோ ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் பிடித்து, மூன்று நாள் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதினேன். நான் அங்கே கம்பவுண்டர். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுவது, பதிவேடு எழுதுவது, வருகிறவர்களை அதட்டுவது எல்லாம் என் வேலை. அதட்டும் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

வெக்கை என்னும் தொற்றுநோய் கண்ட மாட்டை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆள் மட்டும் உள்ளே வரவேண்டும். மூக்கணாங்கயிறு நைந்திருக்கக் கூடாது. மருந்துக்குப் புட்டி கொண்டுவர வேண்டும். மாட்டை அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் போகும் பலகை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து நானே உரக்கப் படித்துக் காட்டுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடைசி வரி மட்டும் பிற்பாடு சேர்த்தது. ஒரு பண்ணையாள் ஓட்டிவந்த உழவு மாட்டுக்கு டாக்டர் கொம்பை அறுத்தார். மூன்றாம் நாள் மாடு செத்துப்போயிற்று. தன்னைக் கேட்காமல் எப்படிக் கத்தி வைக்கலாம் என்று மாட்டின் சொந்தக்காரர் மேலிடத்துக்கு எழுதிப்போட, டாக்டரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நல்ல மனிதர், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் எழுதினேன்: கருவி வைத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் உடையவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரி திறந்த கொஞ்ச நேரத்தில், பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு பெண் சினைமாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. மாடு நாலடி நடக்கும், நிற்கும், முக்கும். அவள் புருஷன் ராணுவக் கட்டட வேலைக்கு ஆவடி போயிருந்தான். விடியற்காலையிலிருந்தே இப்படித்தான் என்றாள்.

மாடு யாருடையது என்று பதிவேட்டைத் திறந்துகொண்டு கேட்டேன்.

"ஆண்டையோடது சாமி. வாரத்துக்கு வளக்குறேன். மொத கன்னு ஆண்டைக்குப் போச்சு. இது என்னுது."

எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் நிலக்காரர்கள் கிடாரிக் கன்றைக் கூலிக்காரர் வீட்டில் வளர்க்க விடுவார்கள். மாடு என்றைக்கும் நிலக்காரருடையதுதான். போடுகிற கன்றுகளில் முதலாவது அவருக்கு, அடுத்தது வளர்த்தவருக்கு, அதற்கடுத்தது மறுபடி அவருக்கு. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். என் அப்பாவே இரண்டு மாடுகளை அப்படி விட்டிருந்தார். பதிவேட்டில் உடையவர் என்ற இடம் ஒன்றுதான் இருந்தது. அவள் சொன்ன நூம்பல் நிலக்காரரின் பெயரை அதில் எழுதினேன்.

டாக்டர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தார். கன்றின் தலை பின்பக்கமாக மடங்கியிருந்தது. குளம்பைக் கிள்ளினார், கால் வெடுக்கென்று உள்ளே போயிற்று. "உயிர் இருக்கிறது" என்றார். கையால் தலையைத் திருப்ப இடம் போதவில்லை, கொக்கி போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்று கருவிப் பெட்டியைக் கேட்டார்.

நான் பெட்டியை எடுக்கவில்லை. கொக்கி என்றால் கருவி, கருவி என்றால் உடையவர் வரவேண்டும் என்று நினைவூட்டினேன். போன தடவை வந்த கடிதத்தையும் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டார். அவளிடம் பலகையின் கடைசி வரியை உரக்கப் படித்தேன். மாட்டைப் புளியமரத்தில் கட்டிவிட்டு நூம்பலுக்கு ஓடினாள். மூன்று மைல்.

வெயில் ஏறியது. டாக்டர் இரண்டு முறை போய்க் குளம்பைக் கிள்ளிப் பார்த்தார். இரண்டாவது முறை கால் லேசாக அசைந்ததாம். அறைக்குள் போய் உட்கார்ந்தார். மாடு படுத்துவிட்டது. நான் தண்ணீர் காட்டினேன், குடிக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது என்று அப்போது நினைத்தேன்.

உச்சிவேளை நெருங்கும்போது வில்வண்டி வந்தது. நிலக்காரர் குளித்து, சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். வண்டிக்குப் பின்னால் அவள் நடந்து வந்தாள். அவர் நடையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வேலியோரம் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். ஆண்டை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். பலகையில் இல்லாத விதி அது. அதை யாரும் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். கொக்கி போட்டுத் தலையைத் திருப்பினால் கன்று பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் நேரமாகிவிட்டதால் கருப்பை கிழிந்து மாடு போய்விடலாம். உள்ளேயே கன்றை வெட்டி எடுத்துவிட்டால் மாட்டுக்கு ஆபத்து இல்லை. உடையவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

நிலக்காரர் கெட்ட மனிதர் அல்ல. மாட்டின் மேல் அவருக்கு நிஜமாகவே பதைப்பு இருந்தது. "மாடு பொழைக்கட்டும் டாக்டர். கன்னு போனா போவட்டும்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, உடையவர் இவர்தானே என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். காலையில் அவள் சொன்னது காதிலேயே இருந்தது. கன்று அந்தப் பெண்ணுடையது, அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நாற்காலியில் என் அப்பாவின் வயதுக்காரர், அப்பாவைப் போன்ற நிலக்காரர், பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாம் சார்" என்றேன். பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தேன்.

மாடு பிழைத்தது. மாலைக்குள் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. நிலக்காரர் ஆஸ்பத்திரியை வாயாரப் புகழ்ந்துவிட்டு முன்பே வண்டியேறிப் போயிருந்தார். கன்றைச் சாக்கில் போட்டு வேலியோரம் வைத்திருந்தோம். கிடாரிக் கன்று. அவள் சாக்கை விலக்கிப் பார்த்தாள், மறுபடி மூடினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"காலைல ஒங்ககிட்ட சொன்னேனே சாமி, கன்னு என்னுதுன்னு. ஏன் என்னெ ஒரு வார்த்த கேக்கல?"

சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரைந்து தப்பித்திருப்பேன். உடையவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். வெள்ளை எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அதுல கன்னப் பத்தி இன்னா எழுதிக்கீது? படிங்க."

வருகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே படித்துக் காட்டியவன் நான். அன்று அவளே படிக்கச் சொன்னாள், நான் பதிவேட்டை மூடி எடுத்துவைத்தேன்.

அவள் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கொண்டுவந்தவரே மாட்டைத் திரும்ப ஓட்டிப் போக வேண்டும் என்பதும் எங்கள் விதிதான். ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஆண்டையின் மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அது அடுத்துப் போடும் கன்று, முறைப்படி, ஆண்டைக்கு.