சத்தம் மட்டும் வந்த நாட்கள்

அவளுடைய அப்பாவுக்கும் காது கேட்காது, அம்மாவுக்கும் கேட்காது. இருவருமே பிறவியிலிருந்து அப்படித்தான். அப்பா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரத்தருகே நின்றார். அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தாள். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகளுக்குக் காது நன்றாகவே கேட்டது. மூன்று பேருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்ததாலோ என்னவோ, கொஞ்சம் அதிகமாகவே கேட்டது என்று சொல்ல வேண்டும். பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்டவள், டாக்டர் சொன்னதை அம்மாவுக்கும் அம்மா சொன்னதை டாக்டருக்கும் மாற்றிச் சொன்னவள் அவள்தான்.

அந்த வீட்டில் பேச்சு முழுவதும் கையால். அதை இங்கே வாய்ப்பேச்சு போலவே எழுதியிருக்கிறது. அவர்களுக்கு அது அப்படித்தான். அம்மாவுக்குக் கை ஓயாது. பாத்திரம் துலக்கும்போது மட்டும்தான் வீடு அமைதியாக இருக்கும் என்று அப்பா கேலி செய்வார். சண்டை முற்றினால் அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிடுவாள். இருட்டில் யார் என்ன பதில் சொல்ல முடியும்? அதனால் கடைசி வார்த்தை எப்போதும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவருடையதாக இருந்தது. அப்பா பல வருஷம் யோசித்துவிட்டு ஒருநாள் தன் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மகள் வளர்ந்து ஒரு கூரியர் நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலைக்குப் போனாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அம்மாவுக்கு இருமல் விடவில்லை, மூச்சு வாங்குகிறது என்று அப்பா செய்தி அனுப்பியதும், விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். வந்த அன்றே அம்மாவைத் தொற்றுநோய்ப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. மதியம் பார்வையாளர் நேரத்தில் வார்டு டேப்லெட்டில் வீடியோ கால் போட்டுத் தருவோம், வீட்டிலிருந்தே பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சமையலறை மேசையில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். அழைப்பு வந்தது. மூக்கில் குழாயோடு அம்மாவின் முகம் தெரிந்தது. இவர்களைக் கண்டதும் அவள் வலது கை உயர்ந்தது. அந்தக் கை பாதி உயரத்தில் இருந்தபோது படம் நின்றுவிட்டது.

"ஹலோ, கேக்குதுங்களா?" என்றது நர்ஸின் குரல். "சத்தம் நல்லா வருதே. பேசுங்க."

"படம் நின்னுடுச்சு சிஸ்டர்."

"பரவாயில்லம்மா, நீங்க பேசுங்க. அவங்க முன்னாடிதான் வச்சிருக்கேன்."

"அவங்களுக்குக் காது கேக்காது சிஸ்டர். அப்பாவுக்கும் கேக்காது."

"ஆமால்ல. ஃபைல்ல எழுதியிருக்கு. நான்தான் மறந்துட்டேன்," என்றாள் நர்ஸ். நாலைந்து கட்டில்களில் அவளுக்கு வேலை கிடந்தது. டேப்லெட்டை அம்மாவின் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கையைத் தூக்கினாளே, என்ன சொல்ல வந்தா?" என்று கேட்டார். கன்னத்துக்குப் போகும் கையா, நெஞ்சுக்குப் போகும் கையா? பாதியில் நின்ற கைக்கு யார் அர்த்தம் சொல்வது?

அடுத்த நாளும் அதே கதை. மகள் செய்யாததில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். செயலியை நீக்கி மறுபடி ஏற்றினாள். வீட்டு இணையத்தை விட்டுத் தன் ஃபோன் இணையத்தில் இணைத்தாள். ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டாள். எதற்கும் படம் மசியவில்லை. கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டுத் தன் ஃபோனிலேயே அழைப்பை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அம்மா பாதியில் நின்றாள். அப்படியென்றால் கோளாறு இந்தப் பக்கம் இல்லை, டேப்லெட்டில்தான்.

வேலையில் அவள் யாரிடமும் கேட்கும் முதல் கேள்வி, "உங்க பக்கம் என்ன தெரியுது?" என்பதுதான். தூக்கத்தில்கூட அந்தக் கேள்வி வாயில் வரும். அன்று அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இங்கே நின்றால் அங்கேயும் நின்றிருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் படம் வந்த வேகத்தில் உறைந்தது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. லேப்டாப்பைப் பார்த்து, மகள் முன்னால் அதுவரை சொல்லாத வார்த்தைகளையெல்லாம் கையால் சொன்னார். அதன் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினார். பிறகு நாற்காலியில் சரிந்து, சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு மட்டும் ஒலிபெருக்கியில் அம்மாவின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அறுப்பது போன்ற மூச்சு. பிறகு வேறொரு சத்தம். மூடிய கையின்மேல் இன்னொரு கையின் உள்ளங்கை விழும் சத்தம். ஒருமுறை, மறுபடி ஒருமுறை, மறுபடியும். கைப்பேச்சிலும் சில வார்த்தைகளுக்குச் சத்தம் உண்டு. தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள். அது 'போதும்'.

"என்ன கேக்குது?" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"மூச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

எது போதும்? மருந்தா, ஊசியா, இந்த மூச்சா? அப்பாவிடம் சொல்ல நா வரவில்லை என்பதா, கை வரவில்லை என்பதா?

அன்று மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பேசினாள். எடுத்தவர் அலுப்பாகக் கேட்டார்:

"சத்தம் வருதுங்களா?"

"வருது."

"அப்போ கால் போகுதுன்னுதான் அர்த்தம். வார்டு உள்ள சிக்னல் கம்மி மேடம், படம் அப்பப்ப நிக்கும். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

இதே பதிலை இதே குரலில் அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். கோபம்கூட வரவில்லை. "சார், எங்க அம்மா கையாலதான் பேசுவாங்க. படம் நின்னா அவங்க வாயைப் பொத்தின மாதிரி. நீங்க சத்தத்தை வேணா எடுத்துடுங்க, எங்களுக்கு வேண்டாம். படம் மட்டும் குடுங்க," என்றாள்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "கட்டில் நம்பர் சொல்லுங்க," என்றார் பிறகு.

மறுநாள் காலையில் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு அவரே வார்டுக்குள் போயிருக்கிறார். இணையம் மெலிந்தால் குரலைக் காப்பாற்றிக்கொண்டு படத்தை அனுப்பாமல் நிறுத்திவிடும் ஒரு சிக்கன அமைப்பு டேப்லெட்டில் இருந்தது. யாரோ எப்போதோ நல்லதுக்கென்று போட்டு வைத்தது. அதை எடுத்துவிட்டு, டேப்லெட்டைத் தாழ்வாரத்துப் பக்கச் சுவரோரம் மாற்றி வைத்தார்.

அன்று மதியம் படம் வந்தது. அம்மாவின் கை உயர்ந்தது, கன்னத்தைத் தொட்டது, இறங்கியது. அப்பா மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டார்.

மகள் அம்மாவோடு கொஞ்சம் பேசினாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவுதான். பிறகு எழுந்துபோய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்த வீட்டில் முதுகைக் காட்டுவதுதான் காதைப் பொத்திக்கொள்வது. முதுகுக்குப் பின்னால் அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. ஒருமுறை அவர் சிரித்தார், அந்த உடைந்த பெரிய சிரிப்பு. லேப்டாப்பிலிருந்து அம்மாவின் மூச்சு வந்துகொண்டிருந்தது. பார்வையாளர் நேரம் முடியும்வரை அவள் திரும்பவில்லை.

"எல்லாத்தையும் பாத்திருக்கா," என்றார் அப்பா, அழைப்பு முடிந்ததும்.

"எதை?"

"நம்மள. அவ படம்தான் இங்க வரலை. நம்ம படம் அங்க ஒழுங்காப் போயிட்டே இருந்திருக்கு. நான் இதைத் திட்டினது, அடிச்சது, எல்லாம். பக்கத்துக் கட்டில் அம்மாவும் எட்டிப் பாத்துட்டு இருந்தாங்களாம். வயசான மனுஷன் இப்படியா பேசறதுன்னு மானத்தை வாங்கிட்டா." அவர் லேப்டாப்பை மூடினார். "அழுததையும் பாத்துட்டா. போதும், போதும்னு கை வலிக்கச் சொன்னாளாம். இந்த மனுஷன் நிறுத்தவே இல்லைன்னு சொல்றா."

மகள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. அந்த நிம்மதியில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அது நிலைக்கவில்லை. மறுநாள் மதியம் யாரும் அழைக்கவில்லை. இவர்கள் அழைத்தார்கள், மணி போய்க்கொண்டே இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் மருத்துவமனையிலிருந்து அவளுடைய ஃபோனுக்கு அழைப்பு வந்தது. அப்பா அப்போது சோறு வடிக்க நின்றுகொண்டிருந்தார். அந்தச் செய்தியைக் காதால் கேட்டவள் அவள், கையால் சொல்ல வேண்டியவளும் அவள். சிறு வயதிலிருந்து எத்தனையோ மாற்றிச் சொன்னவளுக்கு அந்த ஒரு வார்த்தைக்குக் கை எழவில்லை. எழ வேண்டியிருக்கவும் இல்லை. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். கைப்பிடித் துணியை மடித்து அதன் இடத்தில் வைத்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் அம்மாவின் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கொண்டுவந்தது அந்த நர்ஸ்தான். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு அவங்க பேசறது ஒண்ணும் புரியாதும்மா," என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான் புரிஞ்சிக்கிட்டேன். இப்படிப் பண்ணுவாங்க." கட்டைவிரலால் கீழுதட்டை ரெண்டு தடவை தொட்டுக் காட்டினாள். "தாகமா இருக்குன்னு. கடைசியில அதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க. ஒவ்வொரு தடவையும் கரண்டியில தண்ணி குடுத்தேன். அதுல ஒரு குறையும் வைக்கலை."

மகளுக்கு அந்தக் கை தெரியும். அது தண்ணீர் இல்லை. அது அப்பாவின் பெயர். காது கேளாதோர் பள்ளியில் படித்தபோது, யோசிக்கும் நேரமெல்லாம் உதட்டைத் தடவிக்கொண்டிருந்த பையனுக்குக் கூடப் படித்த பெண் வைத்த பெயர். ஊரில் அவர் பெயரை எப்படி எழுதினாலும், அம்மாவின் கையில் அவர் அதுதான்.

அப்பா நர்ஸின் விரலைப் பார்த்துவிட்டார். "என்ன சொல்றாங்க?" என்று மகளைக் கேட்டார்.

அவள் அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் குனிந்து பையின் முடிச்சைச் சரிசெய்தார். நர்ஸ் தவிப்போடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் நிமிர்ந்து மகளிடம் சொன்னார்: "ஆமான்னு சொல்லு. தண்ணிதான் கேட்டிருப்பான்னு சொல்லு. நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு நான் சொன்னதாச் சொல்லு."

"அப்பா நன்றி சொல்றாங்க சிஸ்டர். அது தண்ணிதான்," என்றாள் மகள்.

எல்லாம் முடிந்து பேருந்தில் வீடு திரும்பினார்கள். அப்பா ஜன்னல் ஓரம், அவள் பக்கத்தில். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் தோளைத் தொட்டுத் திருப்ப வேண்டும். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த கைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன, தனக்குள் பேசுகிறவர்களின் உதடு அசைவது போல. அவள் தொடவில்லை. அவருடைய கையைப் பார்க்காமல் முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி வீடு வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.